மூன்றாவது பெடல்

வடிந்த எண்ணெய் சிவப்பாக இருந்தது. மெக்கானிக்குக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி அதுதான்.

கெட்டுப்போன ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் எப்படி இருக்கும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கறுத்துப்போய், தீய்ந்த பால் மாதிரி வீச்சமடிக்கும். அடித்தட்டில் கிடக்கும் காந்தத்தில் இரும்புத் துணுக்குகள் முள் முள்ளாகச் சிலிர்த்து நிற்கும். இதுவோ நேற்று ஊற்றியது போல வெளிச்சத்தை உள்ளே விட்டது. காந்தத்தில் விரலால் வழித்தெடுக்கும் அளவு சாம்பல் நிற மசி மட்டும் இருந்தது. அது எந்த நல்ல பெட்டியிலும் இருப்பதுதான்.

"மாப்ள, இங்க வா."

பட்டறையின் மறுகோடியில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த மச்சினன் முகக் கவசத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டபடி வந்தான். மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி, நாற்பது வயதுக்காரன். ஊரில் அவனுக்குப் 'பொறி' என்று பேர். கையில் பறக்கும் பொறிக்காக மட்டுமில்லை, வாயில் பறப்பதற்கும் சேர்த்து.

"என்ன மாமா, உள்ள புதையலா?"

"இதைப் பாரு. இதைப் போய் யாராவது கழட்டச் சொல்லுவாங்களா?"

பொறி ஒரு சொட்டைத் தொட்டு மோந்து பார்த்தான். "ஊருல இருக்கிற வண்டிக்கெல்லாம் இந்தச் சீக்கு வரணும் மாமா. நாம கடையை மூடிட்டு நிம்மதியாத் தூங்கலாம்."

வண்டி பதினெட்டு வருஷப் பழைய பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கக்கூடியது. அதைக் கொண்டுவந்து விட்டவர் நாற்பது மைலுக்கு அப்பால் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா, இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை, கையில் மடக்குக் குடை. வண்டியை ஓட்டிவந்தவர் பள்ளி வேன் டிரைவர். நிறுத்திய கையோடு அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். வாத்தியார் கோடு போட்ட தாள் ஒன்றை நீட்டினார். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தார். ஆட்டோமேட்டிக் பெட்டியை இறக்க வேண்டும். அதே மாடல் வண்டியின் ஐந்து கியர் மேனுவல் பெட்டியை ஏற்ற வேண்டும். அந்தப் பெட்டியோடு சேரக்கூடிய டிரான்ஸ்பர் கேஸ், அதாவது இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதையும் கூடவே மாற்ற வேண்டும். மனுஷர் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

"மலை ரோடு, சேறு. ஆட்டோமேட்டிக் இழுக்க மாட்டேங்குது. கையால கியர் போட்டாத்தான் சரிப்படும்னு சொல்றாங்க."

"ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துடறேன் சார். சின்னக் கோளாறா இருந்தா அதையே சரி பண்ணிடலாம்."

"வேணாம். மாத்திடுங்க."

"உங்க பக்கத்துலயே பட்டறை இருக்குமே சார். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க..."

"உங்க கைவேலை சுத்தமா இருக்கும்னு கேள்விப்பட்டேன்."

அதற்கு மேல் மெக்கானிக் என்ன கேட்பார்? உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்போது சிவப்பு எண்ணெயைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாத்தியாருக்குப் போன் போட்டார்.

"சார், உங்க பழைய பெட்டியில ஒரு குறையும் இல்ல. அதையே திருப்பி மாட்டிக் கொடுத்துடறேன்."

"நான் எழுதிக் கொடுத்த தாள் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அதுல இருக்கிறபடி செய்ங்க." போன் அணைந்தது.

"வாத்தியாரு மாமா. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் எழுதணும். கூட எழுதினா மார்க்கைக் குறைச்சிடுவாரு," என்றான் பொறி.

சரி, வண்டிக்காரர் விருப்பம். மெக்கானிக் பழைய பெட்டியின் வாய்களைத் துணியால் அடைத்து, தார்ப்பாயில் சுற்றி, மூலையில் ஒரு மரச்சட்டத்தின் மேல் ஏற்றி வைத்தார். குப்பைக்குப் போட மனசு வரவில்லை.

பிறகு வேலை அவரை இழுத்துக்கொண்டது. அடிபட்டு நொறுங்கிய அதே மாடல் வண்டி ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதிலிருந்து மேனுவல் பெட்டியையும் டிரான்ஸ்பர் கேஸையும் பெடல் கூட்டையும் கழற்றி வந்தார்கள். இஞ்சினின் பின்னால் கனமான பிளைவீல் ஏறியது. அதன் நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு பேரிங், மேலே கிளட்ச் தட்டு. செயின் பிளாக்கில் தொங்கிய பெட்டியை மெக்கானிக் மல்லாந்து படுத்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நகர்த்தி உள்ளே விட்டார். பெட்டி தன் இடத்தில் போய் 'டொக்'கென்று உட்கார்ந்தபோது பச்சைக் குழந்தை தூங்கிப்போனது போல இருவரும் மூச்சை மெல்ல விட்டார்கள். புதுப் பெட்டி பழையதைவிட நீளம். அதனால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளி ஓட்டை போட வேண்டியிருந்தது. பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைப் பொறி மூன்று விரற்கடை குறுக்கினான், முன் சக்கரத்துக்கு உள்ளதை அதே அளவு நீட்டினான். கால் வைக்கும் தளத் தகட்டை வெட்டி, கியர் கம்பிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் கம்பிக்கும் வழி செய்தான்.

பழைய பெடல்களைக் கழற்றும்போது பொறி ஒன்றைக் கவனித்தான். டிரைவர் பக்கத்து ரப்பர் மிதியடி வலது குதிகால் படும் இடத்தில் ஓட்டையாகத் தேய்ந்திருந்தது. இடது பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே, மேடு பள்ளம் கலையாமல் இருந்தது.

"வாத்தியாருக்கு இடது காலே கிடையாதா மாமா?"

"ஆட்டோமேட்டிக் வண்டியில இடது காலுக்கு என்னடா வேலை? சும்மா கிடக்கும்."

"சும்மா கிடந்தாலும் செருப்பு மண்ணாவது ஒட்டுமே."

மெக்கானிக் காதில் வாங்கவில்லை. கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வண்டிக்கு கிளட்ச் மாட்டியிருக்கிறார். இத்தனை மெத்தென்று ஒன்று வாய்த்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் வேலை முடிந்தது. மறுநாள் மதியத்துக்குள் வாத்தியார் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இருக்கையைத் திரும்ப மாட்டும்போது, அதன் பின்னால் இருந்த இடுக்கில் ஒரு கான்வாஸ் பை சிக்கியிருப்பதைப் பொறி பார்த்தான். திறந்தால் தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறைகள், இரண்டு முனையிலும் பிடி வைத்த மெல்லிய சங்கிலி, கயிற்றுச் சுருள்.

"மாமா," என்றான் தாழ்ந்த குரலில். "வாத்தியாரு கணக்கு மட்டும்தான் நடத்தறாரா? இதைப் பார்த்தா ஆளைக் கடத்தற கோஷ்டி மாதிரி இருக்கு."

பையின் மடிப்பில் கறுப்பு மையால் ஒரு போன் எண் எழுதியிருந்தது. வாத்தியாரின் இன்னொரு எண்ணாக இருக்கும் என்று நினைத்து மெக்கானிக் போட்டார். எடுத்தது பெண் குரல்.

"பட்டறையிலேருந்து பேசறேம்மா. பிக்கப் வண்டியில ஒரு பை இருந்துச்சு, சங்கிலி, கையுறையெல்லாம்..."

"அப்பாடா! அங்கதான் இருக்கா? அந்தச் சங்கிலியைத் தேடாத இடமில்ல. வண்டி என்ன ஆச்சு? கம்பெனியிலேருந்து சாமான் வரணும், ஒரு மாசம் ஆகும்னாரே எங்க வீட்டுக்காரர்."

"ஒரு மாசமெல்லாம் எதுக்கும்மா? முடிஞ்சிடுச்சு. அருமையா வந்திருக்கு. கிளட்ச் வெண்ணெய் மாதிரி இறங்குது. சுண்டு விரலால அமுக்கலாம்."

"எது?" என்றாள் அவள்.

"கிளட்சும்மா."

"என் வண்டியில கிளட்ச் கிடையாதுங்க."

"முன்னாடி இல்லம்மா, இப்ப இருக்கு. ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டு மேனுவல் போடச் சொல்லி சார்தானே எழுதிக் கொடுத்தாரு."

"நீங்க வேற யாரோ வண்டியைப் பத்திப் பேசறீங்க." அவள் தன் வண்டி எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மெக்கானிக் கண் எதிரே இருந்த நம்பர் பலகையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைசி எண் வரைக்கும் பொருந்தியது.

"அந்த நம்பர்தாம்மா."

"நீங்க இருக்கிற இடம் எங்கன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பட்டறை வாசலில் பால் வேன் ஒன்று நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது. அதன்பின் வலது கால். பிறகு ஒரு பெண்மணி, தன் இடது காலைக் கையாலேயே எடுத்து வெளியே வைத்தாள். தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, குறுக்கே தோல் பட்டைகள்.

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த டீ கிளாஸ் சாய்ந்து சட்டையெல்லாம் நனைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓட்டை விழுந்த வலது பக்கமும் ஓரம் மடியாத இடது பக்கமுமாக அந்த மிதியடி கண் முன்னால் வந்து நின்றது.

"நேத்து பேசினது நீங்கதானே? வண்டி எங்க?"

யாரும் பதில் சொல்லாமலே அவள் கண்டுபிடித்துவிட்டாள். நேரே போய் டிரைவர் கதவைத் திறந்து, குனிந்து கீழே பார்த்தாள்.

"மூணு," என்றாள்.

தடியைப் பொறியிடம் கொடுத்தாள். இரண்டு கைகளாலும் உந்தி ஏறி இருக்கையில் உட்கார்ந்தாள். தொடைக்கு அடியில் கை கொடுத்து இடது காலைத் தூக்கி, கிளட்ச் பெடலின் மேல் வைத்தாள். செருப்பு அங்கே யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. முழங்காலின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, பல்லைக் கடித்து அழுத்தினாள். பெடல் அரை அங்குலம் இறங்கியது. அவள் கையை எடுத்ததும் எழும்பி, காலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது.

சுண்டு விரலால் அமுக்கலாம் என்று அவர் பெருமையடித்த பெடல்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார் மெக்கானிக். "சத்தியமாத் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? வண்டியை யாரு ஓட்டறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கலம்மா."

"ம்."

பொறி ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் இறங்கி உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அவள் மாட்டு டாக்டர். மலையடிவாரப் பண்ணைகளுக்கெல்லாம் அவள் ஒருத்திதான். பையில் இருந்த சங்கிலி, வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்ட கன்றுக்குட்டியின் காலில் மாட்டி இழுப்பதற்கு. ஒன்பது வருஷம் முன்பு பிரசவ வலியில் ஒரு மாடு அவள் மேல் சரிந்து வேலிக் கம்பத்தோடு சேர்த்து நசுக்கியது. இடது கால் அன்றோடு செயலிழந்து போனது. பதினோரு மாசம் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். பிறகுதான் தேடித் தேடி இந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கினாள்.

"வலது கால் மட்டும் போதும்னு ஒரு வண்டி. ஏறி உக்காந்த அன்னிக்கு எனக்குக் காலே முளைச்ச மாதிரி இருந்துச்சு," என்றாள்.

"சாருக்கு மேனுவல்தான் பிடிக்குமோ என்னமோ," என்று மெக்கானிக் இழுத்தார். எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அவருக்கா? அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்க."

"ஓட்டத் தெரியாதா!"

"சைக்கிளே கல்யாணத்துக்கு அப்புறம் நான் பின்னாடி பிடிச்சு ஓடி வந்துதான் கத்துக்கிட்டாரு."

மாமனும் மச்சினனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவியால் ஓட்ட முடியாது, புருஷனுக்கு ஓட்டத் தெரியாது. அப்படியென்றால் பதின்மூன்று நாளும் இது யாருக்காகச் செய்த வேலை?

"விக்கப் போறாரோன்னு நினைச்சேன்," என்றாள் அவள், கேட்காமலே. "அப்படி இருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்."

வாத்தியார் பதினொன்றரைக்கு வந்தார். வழக்கத்தைவிட வேகமாக, முகத்தில் ஒரு மலர்ச்சியோடு, கண்ணாடியைத் துடைத்தபடி உள்ளே நுழைந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோதுதான் முக்காலியில் இருப்பது யாரென்று தெரிந்தது. குடை நழுவி எண்ணெய்த் தரையில் விழுந்தது. பேயறைந்தவர் போல நின்றார்.

"நீ... எப்படி..."

"பால் வேன்ல."

பொறி கிரைண்டரை அணைத்தான். பட்டறையில் கூரைத் தகடு வெயிலில் படபடக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"ஏன்?" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைதான்.

வாத்தியார் சட்டைப்பையில் பேனாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அதை வண்டியின் பானெட் மேல், அவளுக்கு நேராக வைத்தார். டிரைவிங் லைசென்ஸ். அவருடைய படம் போட்டது.

"மூணு வாரம் ஆச்சு."

"இது எப்ப?"

"காலையில வாக்கிங் போறேன்னு சொன்னேனே."

"அது வாக்கிங் இல்லையா?"

"டிரைவிங் ஸ்கூல்."

பொறிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிக்கொண்டு திரும்பி நின்றான். அவள் அட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். அதிர்ச்சியில் அவள் வாய் லேசாகத் திறந்தே இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி சரிவுல வண்டி வழுக்கிச்சே," என்றார் வாத்தியார். "நாலு மணி நேரம் மழையில உள்ளயே உக்காந்திருந்தியே. வீட்டுக்கு வந்து ஜோக் மாதிரி சொன்னே. சிரிச்சே. பசிக்குதுன்னே. உனக்குச் சாப்பாடு போடறப்ப என் கை நடுங்கினது உனக்குத் தெரியாது. ஒன்பது வருஷமா நீ வெளிய போயிருக்கும்போது போன் அடிச்சா எடுக்கறதுக்கே பயமா இருக்கும். மாடு உன் மேல சரிஞ்ச அன்னிக்கு வந்தது அந்த மாதிரி ஒரு போன்தானே?"

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

"அதான். என் வாயால சொல்ல முடியல. வண்டி சொல்லட்டும்னு விட்டுட்டேன்." அவர் வேகமாகத் தொடர்ந்தார். "உன் வேலையை நிறுத்தச் சொல்லல. நான் ஓட்டறேன். எங்க கூப்பிட்டாலும் கொண்டு போறேன், வெளியில காத்திருக்கேன், கூட்டிட்டு வரேன். டிரைவிங் ஸ்கூல்ல கிளட்ச் வண்டிதான், அதுலதான் கத்துக்கிட்டேன்."

"நீங்க கிளாஸ்ல இருக்கும்போது கூப்பிட்டா?"

"சாயந்திரம் போகலாம்."

"மாடு கன்னுப் போடறதுக்கு உங்க டைம்டேபிளைப் பார்க்குமா?"

அவள் எழுந்தாள்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க."

யாரும் எதிர்பார்க்கவில்லை. வாத்தியாரே எதிர்பார்க்கவில்லை. அவர் டிரைவர் இருக்கையில் ஏறினார், அவள் சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஏறினாள். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி ஒரு குதி. மூன்றாவது தடவை, பரீட்சை எழுதும் பையன் மாதிரி உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டே கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்து வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தது. வியர்த்து வழிந்தாலும் வாத்தியார் சுவரில் உரசாமல் நிறுத்திவிட்டார். கியர்கள் ஒன்றுகூடக் கத்தவில்லை. மெக்கானிக் தன்னையறியாமல் தன் வேலையை ரசித்தார். ரசித்த மறுகணமே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

இருவரும் இறங்கவில்லை. கண்ணாடிகள் இறக்கியிருந்ததால் பேச்சு வெளியே கேட்டது.

"நல்லாத்தான் ஓட்டறீங்க," என்றாள். குரலில் கோபமில்லை. "ஒண்ணு கேக்கறேன். இந்த லைசென்ஸை வெச்சு ஆட்டோமேட்டிக்கும் ஓட்டலாம்ல?"

"ஓட்டலாம்."

"அது இதைவிடச் சுலபம்ல?"

"ஆமா."

"அப்ப பழைய பெட்டியே இருந்திருந்தா நீங்களும் ஓட்டியிருக்கலாம், நானும் ஓட்டியிருக்கலாம். இது உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோணலைன்னு சொல்லிடுய்யா, என்று மெக்கானிக் மனசுக்குள் கெஞ்சினார். பயத்தில் இருந்த மனுஷன், யோசிக்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போகலாம். ஆனால் கணக்கு வாத்தியார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி ரொம்ப நேரம் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோணுச்சு," என்றார்.

அவள் கன்னத்தில் யாரோ அறைந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவைத் திறந்து, அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், தானே தொங்கி இறங்கினாள். பொறி கொண்டுவந்த தடியை வாங்கி ஊன்றிக்கொண்டாள்.

"என் பெட்டி எங்க?" என்றாள் மெக்கானிக்கிடம்.

அவர் மூலைக்குக் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கினார். பெட்டியும் அதன் பழைய டிரான்ஸ்பர் கேஸும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தன. அவள் குனிந்து அதன் அலுமினிய முதுகில் கை வைத்தாள். சினை மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவள் போல.

"திருப்பி மாட்ட எத்தனை நாள்?"

"ஒரு வாரம்மா. ராவா பகலா நின்னாவது முடிச்சிடறேன்."

"வண்டி என் பேர்ல இருக்கு. நான் சொல்றேன், மாட்டுங்க."

பால் வேன் திரும்பி வந்தபோது அதில் ஏறி அவள் போய்விட்டாள். வாத்தியார் பஸ்ஸில் போனார்.

இரண்டாம் நாள் அவர் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தார். "ஏதாவது கொடுங்க, செய்றேன்," என்றார். மெக்கானிக் விளக்கைக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க வாத்தியார் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து வெளிச்சம் காட்டினார். கழற்றிய போல்ட்டுகளை டப்பாக்களில் பிரித்துப் போட்டு, டப்பா மேல் எழுதி ஒட்டினார்.

"சார், போல்ட்டைத் திருத்தாதீங்க, எடுத்துக் கொடுங்க," என்றான் பொறி.

தான் வெட்டிய தளத்தைப் பொறியே புதுத் தகடு வைத்து அடைத்தான். வெல்டிங் தடயமே தெரியாமல் தேய்த்தான். குறுக்குச் சட்டம் பழைய இடத்துக்கு வந்தது. குறுக்கிய ஷாஃப்ட்டை நீட்டினார்கள், நீட்டியதைக் குறுக்கினார்கள். பொறி ஒரு கிண்டலும் செய்யாமல் அதைச் செய்தது மெக்கானிக்குக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான்காம் நாள் வண்டிக்கு அடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தபோது மெக்கானிக் கேட்டுவிட்டார்.

"அன்னிக்குத் தோணலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

விளக்கு வெளிச்சம் ஆடியது. "பின்ன அதையும் பொய்யாவே சொல்லச் சொல்றீங்களா?"

"வீட்டுல பேசறாங்களா?"

"உப்பு இருக்கான்னா இருக்குங்கறா. அவ்வளவுதான்."

வாரம் முடிந்த அன்று அவள் வந்தாள். வாத்தியாரும் ஒரு ஓரமாக நின்றார். அவள் ஏறி உட்கார்ந்து, முதலில் கீழே பார்த்தாள். அகலமான பழைய பிரேக், ஆக்ஸிலரேட்டர். இரண்டே இரண்டு. சாவியைத் திருப்பினாள், கியர் கம்பியை இறக்கினாள், முற்றத்தில் பின்னால் போய், முன்னால் வந்து, டிரான்ஸ்பர் கேஸை நான்கு சக்கரத்துக்குப் போட்டு எடுத்தாள். முகம் மெல்ல இளகியது.

"அப்படியேதான் இருக்கு," என்றாள்.

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் போன் அடித்தது. இரண்டு கேள்வி கேட்டாள். "தலை வந்துடுச்சா, காலா?" "எவ்வளவு நேரமா?" போனை மடியில் போட்டாள், கதவைச் சாத்தினாள், வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கைத்தடி தூணில் சாய்ந்தபடியே இருந்தது.

வாத்தியார்தான் முதலில் பார்த்தார். தடியை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். ஐம்பது வயது மனுஷர், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு, கையை ஆட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார். தெருக்கோடியில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் போய்ச் சேர்ந்தார், ஜன்னல் வழியே தடியைக் கொடுத்தார். ஏதோ பேச்சு நடந்தது. அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. மெக்கானிக் வேண்டாத தெய்வமில்லை. ஆனால் வாத்தியார் ஏறவில்லை. கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றார். வண்டி போய்விட்டது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஏறச் சொல்லலையா சார்?" என்றான் பொறி.

"சொன்னா. ஏறுங்கன்னா." அவர் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "நான்தான் நீ போயிட்டு வான்னேன்."

"ஏன் சார்?"

"அதை என் வாயாலயே ஒரு தடவை சொல்லிப் பார்க்கணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்." முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. போனை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். டீ ஆறிப்போனது. வேறு வண்டிகள் வந்தன, போயின. மூன்றரை மணிக்குப் போன் அடித்தபோது பட்டறையில் மூன்று பேருமே துள்ளி விழுந்தார்கள். வாத்தியார் அதை இரண்டு கையாலும் எடுத்தார். காதில் வைத்து "ம்" என்றார். "ம்" என்றார். இன்னொரு "ம்".

"கன்னு போயிடுச்சாம்," என்றார் மெக்கானிக்கைப் பார்த்து. "தாய் பொழைச்சுக்கிச்சு."

"டாக்டரம்மா?"

"நல்லாத்தான் இருக்கா. இந்த வழியாத்தான் வராளாம்." வாத்தியார் எழுந்து, எண்ணெய்க் கறை படிந்த கைகளைப் பார்த்தார். "என்னை இங்கயே இருக்கச் சொன்னா. கை கழுவ சோப்பு இருக்கா?"